கண்ணாடிக் கொட்டகைக்கு ஆள் கூப்பிடப் போனேன்

1

நான் கனடாவுக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது என்று எனக்குச் சொன்னது ஒரு அட்டை. இங்கே குடியிருக்கலாம் என்று கொடுத்த அட்டை. பால் பாக்கெட்டில் இருப்பது போல அதிலும் ஒரு தேதி போட்டிருக்கிறார்கள். அந்தத் தேதிக்கு மேலே நான் திரிந்துவிடுவேன் போலிருக்கிறது. புதுசு வாங்குவதற்காக என் மருமகன் போன வாரம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதையும் நான் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதுகிறார். நான் 'வூடு' என்றால் அவர் கை 'வீடு' என்று எழுதும். "யாராவது பேசுனத மட்டும் பேசுன மாதிரியே போடுங்க மாப்பிள்ள, மத்ததுக்கு நீங்க சட்டை மாட்டி அனுப்புங்க" என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊர் களமருதூரில் இதை யாராவது படித்துக் காட்டும்போது, 'இவ எப்ப இப்படி பேச கத்துக்கினா' என்று கேட்பவர்களுக்குப் பதில் அதுதான்.

படிவத்தில் ஒரு கட்டம் வந்தது. இந்த ஐந்து வருஷத்தில் என்னென்ன வேலை செய்தீர்கள்?

"வேலை எதுவும் இல்லன்னு போட்டுடட்டுமா அத்தை?" என்றார் மருமகன்.

"இருங்க, இருங்க. ஒரு நாள் வேலை செஞ்சேனே. தெரேசா வூட்டுக்கு ஆள் கூப்புட போனேனே."

மருமகன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அடுப்படியிலிருந்து என் மகள் கலைச்செல்வி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "அத போட்டா அட்ட வராதும்மா. உன்ன திருப்பி அனுப்பிடுவாங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அது நடந்து நாலு மாசம் ஆகிறது. அவள் இப்போது சிரிக்கிறாள் என்பதால்தான் உங்களிடம் சொல்லத் துணிகிறேன்.

2

என் மகள் வேலை செய்வது ஒரு கண்ணாடிக் கொட்டகையில். கொட்டகை என்றால் மாட்டுக் கொட்டகை அளவுக்கு நினைத்துக்கொள்ளாதீர்கள். நம் ஏரியைத் தூக்கி நிறுத்தி, மேலே கண்ணாடி போட்டு மூடினால் எப்படி இருக்கும், அப்படி. வெளியே பனி கொட்டும். உள்ளே பங்குனி மாசத்து வெக்கை. தக்காளிச் செடி ஆள் உயரத்துக்கு மேல் கொடியாக வளரும். மேலேயிருந்து கயிறு தொங்கும். கொடியை அந்தக் கயிற்றில் சுற்றிச் சுற்றி ஏற்றிவிட வேண்டும். கொஞ்சம் இறுக்கினாலும் தலை ஒடிந்துவிடும். ஒடிந்தால் அந்தச் செடி அவ்வளவுதான்.

அந்த வேலையில் கைகாரி தெரேசா. என் வயசுக்குக் கொஞ்சம் கம்மி. புருஷன் இல்லை. கலைச்செல்வி வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொடி சுற்றக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். கார் இல்லாத காலத்தில் தன் காரில் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கிவிடுவாள். இதைச் சொல்லாமல் விட்டால் அவள் வீடு எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எங்கள் தெருவிலேயே, பச்சைக் கதவு வீடு.

இந்த வருஷம் கலைச்செல்வியை ஒரு கூட்டத்துக்கு மேலாளாகப் போட்டார்கள். பதினெட்டுப் பேர். மூணு மாசம் பார்ப்பார்கள். கூட்டத்தை நடத்தத் தெரிந்தால் அந்த வேலை நிலைக்கும், இல்லையென்றால் மறுபடி கொடி சுற்றப் போக வேண்டியதுதான். அதற்காக வகுப்புக்கும் அனுப்பினார்கள். மனுஷங்களோடு எப்படிப் பழகி வேலை வாங்குவது என்று ஒரு வகுப்பாம். எனக்கு அதைக் கேட்டதும் அவ்வளவு சந்தோஷம். ஊரில் நடவுக்கு ஆள் சேர்த்து நான் முப்பது வருஷம் செய்த வேலைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

தினமும் சாப்பிடும்போது கேட்பேன். "இன்னிக்கி இன்னா பாடம்?"

"காது குடுத்து கேக்கறதும்மா. இன்னிக்கி பூரா அதான்."

"ஒரு நாளு முழுசாவா? செவுடங்களுக்கு வச்ச வகுப்பா?"

அப்படி இல்லையாம். ஒருத்தர் பேசினால் நாம் வாயைத் திறக்கக் கூடாதாம். அவர் முடித்த பிறகு, அவர் சொன்னதையே நம் வாயால் திருப்பிச் சொல்லி, 'இதானே சொல்ற?' என்று கேட்க வேண்டுமாம். எனக்குக் கை துறுதுறுவென்று வந்தது. பேத்தி யாழினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைப் போட்டாள். பன்னிரண்டு வயசு. என்னிடம் பேசுவது நாளுக்கு நாலு வார்த்தை. "போர், ஆயா" என்றாள்.

"பள்ளிக்கூடம் போரடிச்சிதுன்னு சொல்ற. அதானே?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு அப்படியே உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். யாரோ ஒரு சிநேகிதி, ஏதோ ஒரு சண்டை, அழுகை. முக்கால்வாசி இங்கிலீஷ். எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. ஆனால் அவள் நிறுத்தவில்லை. ஐந்து வருஷத்தில் அவள் என்னிடம் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். இந்த வகுப்பு நடத்துகிறவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இன்னொரு நாள் பாடம்: தப்பைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், நல்லதைப் பத்துப் பேர் முன்னால் சொல்ல வேண்டும். நடவில் நாங்கள் இதற்குத் தலைகீழ். நல்லதை முகத்துக்கு நேராகச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று சொல்லவே மாட்டோம். தப்பை எல்லார் முன்னாலும் சொல்வோம், ஆனால் ஆளிடம் சொல்ல மாட்டோம். கையில் இருக்கிற நாற்று முடியிடம், அந்த நாற்றுக்கட்டைப் பார்த்துச் சொல்வோம். "ஏ நாத்தே, உன்ன ரெண்டு வெரல்ல புடிச்சா ஆவாதா, கழுத்த நெரிக்கிறாங்களே!" என்று நான் சத்தமாக என் நாற்று முடியைக் கேட்டால், யார் நெரிக்கிறாளோ அவள் விரல் தானாகத் தளரும்.

"நானும் தக்காளிகிட்ட பேசட்டுமா?" என்று கேட்டாள் மகள்.

"பேசேன்."

"மனநல டாக்டர்கிட்ட அனுப்பிடுவாங்கம்மா."

எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் நான் ஒன்று கேட்டேன். "ஆள் கூப்புடறத சொல்லிக் குடுத்தாங்களா?"

"கூப்புடறதா? அதுக்கு மெயில் போகுது. யாரு எந்த நேரம்னு தானா வந்துடும்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. முதல் பாடத்தையே விட்டுவிட்டார்களே.

3

களமருதூரில் நடவுக்கு ஆள் கூப்பிடுகிறவள் நான். நாளைக்கு ஏரிக்கரைக் கழனி, பதினாறு பேர் வேண்டும் என்று நிலத்துக்காரர் சொல்லி அனுப்புவார். பொழுது சாயும் நேரத்தில் நான் கிளம்புவேன். தெருவில் நின்று கத்துவது கூப்பிடுவது ஆகாது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, முகத்தைப் பார்த்து, "நாளைக்கு ஏரிக்கரை கழனி, வந்துடு" என்று சொல்ல வேண்டும். ஒரு தடவை அவசரத்தில் ஒருத்திக்கு இன்னொருத்தி மூலமாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் வரவில்லை. "ஏன், எங்க வூட்டு வாசலு உனக்கு தூரமா பூட்ச்சா?" என்று கேட்டுவிட்டு மூணு மாசம் என்னோடு பேசவில்லை.

வாசலில் நிற்கும்போது சும்மா நிற்க மாட்டேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் அவளுக்கு வரப்போரம். புருஷனோடு சண்டை போட்ட முகமாக இருந்தால் வாயாடிக்குப் பக்கத்தில் விடுவேன், சிரித்துவிடுவாள். இப்படி எல்லாம் வாசலிலேயே கணக்குப் போட்டுவிடுவேன். நான் போய் நின்ற வாசலில் ஒருத்தியும் வரமாட்டேன் என்று சொன்னதில்லை. அது எனக்குப் பெருமை. இப்போது சொல்லும்போதும் பாருங்கள், குரல் உயருகிறது.

ஒருத்தி மட்டும் சொன்னாள். அவள் மலைக்காரி. ஒரு வருஷம் ஆள் தட்டுப்பாடு. கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலைக்கே போனேன். பஸ் வளைந்து வளைந்து ஏறினதில் மூணு இடத்தில் வாந்தி. காசியம்மா என்று எனக்குப் பழக்கமானவள், அங்கே களத்தில் இருந்தாள்.

"நடவுக்கு வரியாடி?"

"வரமாட்டேன். என் சாமைய யாரு அறுப்பா, நீயா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சாமைச் சோறு போட்டு, பஸ் ஏற்றி அனுப்பினாள். மலை இறங்கும் வரை 'இன்னா திமிரு, இன்னா திமிரு' என்று முனகிக்கொண்டே வந்தேன். வாந்திகூட மறந்துபோனது.

4

மேலாளாகி ஒரு மாசம் ஆனபோது தெரேசா வேலைக்கு வருவது நின்றுபோனது. உடம்பு சரியில்லை என்று லீவு. என்ன உடம்பு என்று அலுவலகத்துக்குத்தான் தெரியும். மேலாள் கேட்கக் கூடாதாம். போன் பண்ணக் கூடாதாம். இங்கே கொடிகள் தலை ஒடிந்துகொண்டிருந்தன. தினமும் மேசையில் கலைச்செல்வி சோற்றைப் பிசைந்துகொண்டு, "தெரேசா மட்டும் வந்துட்டா போதும்மா. வரலன்னா இந்த மூணு மாசத்தோட என் கத முடிஞ்சிது" என்பாள்.

எத்தனை நாள்தான் கேட்டுக்கொண்டிருப்பது? நாலு வீடு தள்ளி இருக்கிறவளைக் கூப்பிட ஆள் இல்லையா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லாரும் கடைக்குப் போயிருந்த நேரம். சூடாகக் கேழ்வரகு அடை தட்டி, டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பச்சைக் கதவைத் தட்டினேன். ரொம்ப நேரம் கழித்துத் திறந்தது. தெரேசா போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றாள். நான் டப்பாவை அவள் கையில் வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் ஒன்று சேர்த்து, "டுமாரோ ஒர்க். கம். கலைச்செல்வி கிரையிங்" என்றேன். கண்ணைத் துடைப்பது போலக் காட்டினேன்.

அவள் முகத்தைப் பார்த்தேன். பழக்கம் ஆயிற்றே. ஆனால் அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் படிக்க வரவில்லை. தலையை ஆட்டினாள். கதவைச் சாத்தினாள். 'தலைய ஆட்டிட்டா, வந்துடுவா' என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை தெரேசா வரவில்லை. அவள் மகன் எழுதின கடிதம்தான் அலுவலகத்துக்கு வந்தது. உடம்பு சரியில்லாமல் இருக்கிற என் அம்மாவை வேலைக்கு வரச் சொல்லி மேலாள் தன் தாயாரை அனுப்பிக் கட்டாயப்படுத்துகிறார் என்று. வியாழக்கிழமை விசாரணை.

5

"யாரு உன்ன போவ சொன்னது?"

கலைச்செல்வி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மருமகன் நைசாக மாடிக்குப் போய்விட்டார். (இந்த வரியை அவர் எழுத மாட்டேன் என்றார். எழுதச் சொல்லிவிட்டேன்.)

"கூப்புடத்தான போனேன். அட வேற குடுத்தேன்."

"அதாம்மா மோசம். அட குடுத்துட்டு கூப்புட்டா அவங்க எப்படி மாட்டேன்னு சொல்லுவாங்க?"

"மாட்டேன்னு ஏன் சொல்லணும்?"

"முடியலன்னா? நீ வாசல்ல போய் நின்னா, முடியாதவங்க எப்படி முடியாதுன்னு சொல்லுவாங்க? நான் அவங்களுக்கு மேலாள், நீ என் அம்மா. நீ நிக்கறது உனக்கு கூப்புடறதா தெரியுது. அவங்களுக்கு?"

எதற்கும் என்னிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும். ஆனால் அந்த நேரம் பார்த்து, சாமைக் களத்தில் சிரித்துக்கொண்டு நின்ற காசியம்மா ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். அவளுக்கு முடியாது என்று சொல்ல முடிந்தது. களமருதூரில் ஏன் ஒருத்திகூடச் சொல்லவில்லை? என்மேல் இருந்த பிரியமா? முப்பது வருஷத்தில் பதினாறு பேரில் ஒருத்திக்குமா ஒரு நாளும் முடியாமல் போகவில்லை?

இந்தக் கேள்வி வந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதில் தெரிய வேண்டும். கேட்க ஆள் இருக்கிறாள்.

6

மறுநாள் காலையில் பூங்காவனத்துக்கு வீடியோ போட்டேன். அங்கே சாயங்காலம். பூங்காவனம் என் நடவுக் கூட்டத்தில் இருந்தவள். சொந்த நிலம் ஒரு காணிகூடக் கிடையாது. நான் இங்கே வந்த பிறகு இப்போது அவள்தான் ஆள் கூப்பிடுகிறாள்.

"பூங்காவனம், ஒன்னு கேக்குறேன், உண்மைய சொல்லணும். நான் உங்க வூட்டு வாசல்ல வந்து நின்னு கூப்புடுவேனே, அப்ப உனக்கு எப்படிடி இருக்கும்?"

"இன்னாக்கா திடீர்னு? கனடாவுல வேற வேல இல்லியா?"

"சொல்லுடி."

"உன் செருப்பு சத்தம் கேட்டாலே எங்க வூட்டுக்காரு, 'தோ, உன் மாமியா வந்துட்டா'ன்னுவாரு."

ரெண்டு பேரும் சிரித்தோம். நான் சிரித்து முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். வகுப்பில் சொன்னதுதான்: வாயைத் திறக்கக் கூடாது. அவளும் சிரிப்பை நிறுத்தினாள்.

"கோச்சுக்கமாட்டியே?"

"மாட்டேன்."

"என் பெரிய பொண்ணு ஜொரத்துல மூணு நாளா அனலா கெடந்தா. நீ வாசல்ல நின்னுகினு, பெரிய ஏரி கழனி, விடியறதுக்குள்ள வந்துடுன்ன. சரிக்கான்னேன். நீ அந்தாண்ட போனதும் கதவ சாத்திக்கினு அழுதேன்."

"ஏன்டி சொல்லல? சொல்லியிருந்தா நானே வோணாம்னு சொல்லியிருப்பேனே!"

"சொல்லியிருப்பக்கா. அடுத்த நடவுக்கு என் வூட்டு வாசலுக்கு வந்திருப்பியா? அது எனக்கு எப்படி தெரியும்? எனக்கு இன்னா, சாமையா வெளஞ்சிகினு இருக்குது?"

மலைக்காரி கதையை நான்தான் நடவுக் கூட்டத்தில் சொல்லிச் சிரிக்க வைத்தேன். அதை அவள் இத்தனை வருஷம் வைத்திருக்கிறாள்.

"மறுநாளு என் வரிசை கோணலா போச்சி. அன்னிக்கி உன் நாத்து முடி என்ன திட்டுச்சி, ஞாபகம் இருக்குதா? தூங்கிக்கினே நடுறாங்களேன்னு."

எனக்கு ஞாபகம் இல்லை. வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிடுவேன் என்று இருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேனா, பதினாறு என்ற எண்ணிக்கையைப் பார்த்தேனா?

"உன் பொண்ணு ஜொரத்துல கெடக்கும்போது, நான் மறுபடி கூப்புடாம பூடுவேனோன்னு பயந்துகினு வந்த. அதானே சொல்ற?" என்றேன்.

"ஆமாக்கா. இப்ப கேட்டியே, அது போதும்" என்றாள்.

"இப்ப நீ எப்படி கூப்புடுற?"

"போன்லதான். வாசலுக்கு போறதே இல்ல. நாளைக்கு நடவு, முடியுமா முடியாதா? முடியாதுன்னா சொல்லு, அடுத்த நடவுக்கும் உன்ன கூப்புடுவேன், இப்படி சொல்லிடுவேன்."

"வராங்களா?"

"வர்றவங்க வராங்க. வராதவங்க ஏன்னு சொல்றாங்க. உன் காலத்துல உனக்கு யாராவது ஏன்னு சொன்னாங்களா?"

7

வியாழக்கிழமை நானும் காரில் போனேன். உள்ளே வந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்றதற்கு, "நீ கார விட்டு எறங்குனா நான் வேலைய விட்டே எறங்கிடுவேன்" என்றாள் மகள். போகிற வழியில் பூங்காவனம் சொன்னதைச் சொன்னேன். கொட்டகை வந்ததும் மகள் வண்டியை நிறுத்தி, "பூங்காவனம் அத்த இப்ப எப்படி கூப்புடுறாங்கன்னு சொன்னியே, அத திருப்பி சொல்லு" என்றாள். சொன்னேன். இறங்கிப் போனாள்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"இன்னா சொன்ன?"

"எங்கம்மாவ நான் அனுப்பல, ஆனா தெனமும் சாப்புடும்போது பொலம்பி பொலம்பி அனுப்பி வச்சது நான்தான், தப்பு என்னுதுன்னேன்."

"அவங்க?"

"இப்ப இன்னா செய்வன்னு கேட்டாங்க. தெரேசாவுக்கு அலுவலகம் மூலமா ஒரு கடுதாசி அனுப்புங்கன்னேன். பதில் எழுத வேண்டியதில்ல. வர முடியாதுன்னா வர வேணாம். எப்ப வந்தாலும் அவங்க எடம் அவங்களுக்கு இருக்குதுன்னு. பூங்காவனம் அத்த சொன்னதத்தான் இங்கிலீஷ்ல சொன்னேன்."

மேலாள் வேலை போகவில்லை. நிலைக்கவும் இல்லை. இந்த மூணு மாசம் போக இன்னும் மூணு மாசம் பார்க்கிறோம் என்றார்கள். அது தண்டனையா பரிசா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே அவள் தன் கூட்டத்தை நிற்க வைத்து, "கொடி சுத்த யாரால முடியாது? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க, ஒன்னும் ஆவாது" என்று கேட்டிருக்கிறாள். முதலில் ஒருத்தி முடியாது என்றாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துவிட்டு அடுத்தடுத்து ஏழு பேர். கடைசியில், அதுவரை ஒரு வார்த்தை பேசாத ஜமைக்காக்காரர் ஒருவர், தன் ஊரில் வள்ளிக்கிழங்குக் கொடியைக் கொம்பில் ஏற்றிவிட்டுப் பழக்கம் என்று சொல்லியிருக்கிறார். அவர் விரலில் கொடி ஒடியவில்லை. இத்தனை நாள் பழம் அடுக்குகிற இடத்தில் நின்றிருக்கிறார், பாவம். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தெரேசாவிடமிருந்து பதில் வர மூணு வாரம் ஆனது. கலைச்செல்வி வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். "முடியாதுன்னு சொல்லிட்டாங்கம்மா!" அவ்வளவு சந்தோஷம் அவள் முகத்தில். கடிதத்தில் மூணே வரி. இந்தப் பருவம் முடியாது. அடுத்த பருவத்துக்கு என்னைக் கேள். உன் அம்மா கொடுத்த ரொட்டி ரொம்பக் கெட்டி, பல்லுக்கு ஆகவில்லை.

மூணாவது வரியை நாலு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். என் அடையை முகத்துக்கு நேராக இதுவரை யாரும் கெட்டி என்று சொன்னதில்லை.

ரெண்டாவது மூணு மாசம் போன வாரம்தான் முடிந்தது. வேலை நிலைத்துவிட்டது. தெரேசாவுக்கு என்ன உடம்பு என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் மேலாள் வேலையில் சேர்த்தி என்கிறாள் மகள். எனக்கென்னவோ நாள் முழுக்கக் குனிந்து நடுவதைவிட அது கஷ்டமாக இருக்கிறது. பச்சைக் கதவைத் தாண்டும்போதெல்லாம் கால் அந்தப் பக்கம் இழுக்கிறது.

8

இதைச் சொல்லி முடிக்கப் போன நேரம் பூங்காவனம் போன் பண்ணினாள். பின்னாலே தவளைச் சத்தம் கேட்டது. ஊரில் நல்ல மழையாம். நாளைக்குப் பெரிய ஏரிக் கழனியில் நடவு.

"யக்கா, பதினஞ்சி பேரு சேந்துட்டாங்க. ஒரு ஆளு கம்மி. நீ வரியா? முடியுமா முடியாதா, சொல்லு."

விளையாட்டுக்குத்தான் கேட்கிறாள். ஆனால் நடவுக்கு என்னை யாரும் கூப்பிட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கூப்பிடுகிறவளை யார் கூப்பிடுவார்கள்?

"முடியாதுடி" என்றேன். சின்னச் சொல்தான். சொல்லிவிட்டு, அவள் என்ன சொல்வாளோ என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"சரிக்கா. அடுத்த நடவுக்கு கூப்புடுறேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடுவதற்காகப் போனை வைத்தாள்.